இசை: வி. குமார்

‘வெள்ளி விழா’ படத்தில் ‘உனக்கென்ன குறைச்சல்’ என்று ஒரு பாட்டு. பாடியவர் எம்.எஸ்.விஸ்வநாதன். ஆகவே இசையும் அவர்தான் என்று யாராவது நினைத்தால் கோபிக்க முடியாது. உண்மையில் இசை வி.குமார். ஆனால் போன மாதம் கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடிக் கூடத்தில் அந்தப் பாட்டை வைத்து நடந்த சண்டைக்கு, கீழ்வீட்டுக்காரர் பொலிசுக்கு ஃபோன் எடுக்காமல் விட்டது அவருடைய நல்ல மனசு.

விஷயம் இதுதான். பழைய பாட்டுப் பைத்தியங்கள் ஏழெட்டுப் பேர் மாதத்தில் ஒரு ஞாயிறு பின்னேரம் கூடுவோம். சங்கமும் இல்லை, பெயரும் இல்லை, தலைவர் உரையும் இல்லை. பிளேன்ரீ, பக்கத்துக் கடை ரோல்ஸ், ஒரு ஸ்பீக்கர். ஒவ்வொரு மாதமும் ஒரு இசையமைப்பாளர். ஒருவிதி மட்டும் உண்டு: எம்.எஸ்.வி., கே.வி.மகாதேவன், இளையராஜா மூவரும் கிடையாது. அவர்களுக்கு ஊர் முழுக்க ஆள் இருக்கிறது. போன மாதம் வி.குமாரின் முறை.

புறக்கோட்டை நகைக்கடை ஒன்றில் கணக்கு எழுதியவர் ஒருவர் வருவார். அவர்தான் தொடக்கி வைத்தார். “அது எம்.எஸ்.வி. பாட்டு. யூடியூப்பில் அப்படித்தானே போட்டிருக்கு” என்றார். உடனே கொட்டாஞ்சேனை அன்ரி, “யூடியூப்பில் போடுறவனுக்கு இருபத்தைந்து வயது. எனக்கு எழுபத்திரண்டு. நான் றேடியோவில் கேட்டனான்” என்றார். அப்புறம் யார் பேசுவது?

அன்ரி சொன்னதில் ஒரு பெரிய உண்மை இருக்கிறது. இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். கொழும்பில் வளர்ந்த எங்கள் வயதுக்காரருக்கு வி.குமார் என்பவர் எம்.எஸ்.வி.யின் நிழல் இல்லை, தனி ஆள். காரணம் எங்கள் இசை ஞானம் இல்லை. டொரிங்டன் சதுக்கத்து ஒலிபரப்பாளர்கள்தான். இலங்கை வானொலியின் வர்த்தக சேவையில் ஒரு பாட்டுப் போனால் படம், பாடியவர், எழுதியவர், இசை என்று நாலும் வரும். ராஜேஸ்வரி சண்முகம், கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீட் என்று யார் மைக்கில் இருந்தாலும் அந்தக் கடைசிச் சொல்லை விழுங்கிவிட்டுப் போகமாட்டார்கள். ‘இசை வி.குமார்.’ காலையில் ‘பொங்கும் பூம்புனல்’ ஓடும்போது ஒரு கையில் சப்பாத்தும் மறுகையில் பாணுமாக நின்ற பையனுக்குக்கூட அது காதில் விழுந்துவிடும்.

என் அக்கா ஒருபடி மேலே போனவள். ஒரு சீ.ஆர். கொப்பியில் சிவப்புப் பேனையால் கோடு போட்டு, ஐந்து நிரல் பிரித்து, கேட்ட பாட்டையெல்லாம் பதிந்து வந்தாள். பாட்டு, படம், பாடியவர், கவிஞர், இசை. கடைசி நிரல் ஒடுக்கமாகப் போய்விட்டதால் அதில் சுருக்கெழுத்து. விஸ்வநாதன்-ராமமூர்த்திக்கு ‘வி.ரா.’, மகாதேவனுக்கு ‘மாமா’. குமாருக்கு மட்டும் ‘குமார்’ என்று முழுப்பெயர், பள்ளித் தோழனை எழுதுகிற மாதிரி. கேட்டால், “அவருக்குப் பட்டம் குறைவு, பெயரையாவது முழுசா எழுதுவம்” என்பாள். ‘மெல்லிசை மாமணி’ என்று அவருக்கும் ஒரு பட்டம் இருந்தது அவளுக்குத் தெரியாது. அந்தக் கொப்பி 1983 ஆடிக் கலவரத்தில் கொட்டாஞ்சேனை வீட்டுச் சாமான்களோடு எரிந்து போனது. அதைப் பற்றி வேறொரு நாள். அக்கா இப்போது ரொறொன்ரோவில். போன மாதக் கூட்டத்துக்கு வாட்ஸ்அப்பில் வந்து மேசையில் ஃபோனுக்குள் இருந்தபடியே எல்லாரையும் திருத்திக்கொண்டிருந்தாள். அங்கே அப்போது விடிகாலை.

சரி, குமாருக்கு வருவோம். தொலைபேசித் துறையில் வேலை பார்த்துக்கொண்டே நாடகத்துக்கு இசையமைத்தவர் அவர். ஏ.ஜி. என்கிற கணக்காயர் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே நாடகம் போட்டவர் கே.பாலச்சந்தர். ‘நீர்க்குமிழி’ (1965) இருவருக்குமே வாசல் திறந்த படம்: பாலச்சந்தர் அதில்தான் இயக்குநர், குமார் அதில்தான் இசையமைப்பாளர். ஏறக்குறைய முழுப் படமும் ஒரு ஆஸ்பத்திரிக்குள்ளேயே நடக்கும். அதில் சீர்காழி கோவிந்தராஜன் பாடிய ‘ஆடி அடங்கும் வாழ்க்கையடா’, சுரதா எழுதியது. இன்றைக்கும் எங்கள் பக்கத்துச் செத்த வீடுகளில் அந்தப் பாட்டு வரும். கனத்தைச் சுடலைக்குப் போய்த் திரும்புகிற வானுக்குள் யாராவது ஒரு பெரியவர் அதை முணுமுணுக்காமல் வரமாட்டார். ஆனால் அந்தப் பெரியவரிடம் இசை யார் என்று கேட்டுப் பாருங்கள். சீர்காழி என்பார்.

அதே 1965இல் ‘நாணல்’. அதற்குள் ஒரு பொக்கிஷம்: ‘விண்ணுக்கு மேலாடை பருவ மழை மேகம்’, டி.எம்.எஸ்.ஸும் சுசீலாவும். இதைப் போட்டபோது எங்கள் கூட்டத்தில் இரண்டு பேர் முதல்முறையாகக் கேட்டார்கள். வெட்கப்பட வேண்டியவர்கள். ஒருவர் ஓய்வுபெற்ற தபாலதிபர், அவரை மன்னித்துவிட்டோம், அவர் இந்திப் பாட்டுக் கட்சி.

அடுத்த வருஷம் ‘மேஜர் சந்திரகாந்த்’. சுந்தரராஜனுக்குப் பெயரோடு மேஜர் ஒட்டிக்கொண்டது அதில்தான். அந்தப் படத்தின் ‘ஒரு நாள் யாரோ’ சுசீலாவுக்கென்று அளவெடுத்துத் தைத்த பாட்டு. பாட்டில் வருகிற பெண்ணுக்குத் தனக்கு என்ன நடந்தது என்று சரியாகத் தெரியாது. யாரோ சொல்லித்தந்த மாதிரி ஒரு பாட்டு உள்ளே ஓடுகிறது, அவ்வளவுதான். மெட்டும் அதே மாதிரித்தான். கேட்டு முடித்தபோது அன்ரி கண்ணை மூடிக்கொண்டிருந்தார். நித்திரையோ என்று நினைத்தோம். “இன்னொருக்காப் போடும்” என்றார்.

இனிமேல் நான் சொல்லப்போவதை நகைக்கடைக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. எழுதுவது நான்தான் என்பதால் எழுதிவிடுகிறேன். குமார் மேடை நாடகத்திலிருந்து வந்தவர். ஆகவே பேச்சைப் பாட்டாக்குவதில் அவருக்கு இருந்த கை வேறு. ‘எதிர்நீச்சல்’ (1968) படத்தின் ‘அடுத்தாத்து அம்புஜத்தைப் பார்த்தேளா’ என்ன பாட்டு? புருஷன் பெண்சாதி சண்டை. பக்கத்து வீட்டுக்காரி என்ன வாங்கினாள் என்று அவள் அடுக்குகிறாள், வாங்கித்தர வழியில்லாமல் அவன் சமாளிக்கிறான். டி.எம்.எஸ். பேசுகிறாரா பாடுகிறாரா என்று பிரிக்க முடியாது. சுசீலாவின் நொடிப்பு இருக்கிறதே, அதை எந்த ஸ்வரத்தில் எழுதுவது? அந்த அக்கிரகாரப் பேச்சு எங்களுக்குத் துளியும் சம்பந்தமில்லாதது. ஆனாலும் கொட்டாஞ்சேனையில் அப்பா சம்பளத்தோடு வருகிற அன்று அம்மா “பார்த்தேளா” என்று தொடங்கினால், ஏதோ வாங்க வேண்டியிருக்கிறது என்று வீட்டில் எல்லாருக்கும் விளங்கிவிடும்.

‘இரு கோடுகள்’ (1969) இன்னும் நல்ல உதாரணம். ‘புன்னகை மன்னன் பூவிழிக் கண்ணன்’ பாட்டில் சுசீலாவும் ஜமுனாராணியும் பாடுவது கண்ணனையும் ருக்மணியையும் பாமாவையும் பற்றி. கதையில் அது ஒரே மனிதனைக் கட்டிய இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் உரசிப் பார்ப்பது. வெளியே பஜனை, உள்ளே பஞ்சாயத்து. மெட்டு கொஞ்சம் கூடுதலாக அழுதிருந்தாலும் காட்சி கெட்டிருக்கும். கூடுதலாகத் துள்ளியிருந்தாலும் கெட்டிருக்கும். குமார் இரண்டையும் செய்யவில்லை. அதே படத்தில் ‘நான் ஒரு குமாஸ்தா’ என்று ஒரு பாட்டு உண்டு. அரசாங்கக் கந்தோரில் கிளாக்கராகவே காலம் தள்ளிய எனக்கு அது தேசிய கீதம், அதைப் பற்றி நடுநிலையாக எழுத இயலாது. ‘பொம்மலாட்டம்’ படத்தில் மனோரமாவின் ‘வா வாத்யாரே ஊட்டாண்ட’வும் இந்தக் கணக்கில்தான் வரும். மெட்ராஸ் பாஷையைக் கேலி செய்யாமல் அதன் தாளத்தையே பாட்டாக எடுத்துவிட்டார்.

“எம்.எஸ்.வி.க்கும் இப்படிப் பேச்சுப் பாட்டு இருக்கே” என்று நகைக்கடைக்காரர் மறித்தார். இருக்கிறது, நிறைய இருக்கிறது. ஆனால் அங்கே பேச்சு எங்கேயோ ஓரிடத்தில் பாட்டுக்கு வழிவிட்டு ஒதுங்கும். குமாரிடம் அது ஒதுங்குவதில்லை. இது என் காதுக்குப் படுவது. ராகம் தாளம் வைத்து நிரூபிக்கச் சொன்னால் நான் எழுந்து பிளேன்ரீ ஊற்றப் போய்விடுவேன்.

பிறகு ‘வெள்ளி விழா’ (1972). ‘காதோடுதான் நான் பாடுவேன்.’ வாலியின் வரிகள், எல்.ஆர்.ஈஸ்வரியின் குரல். அதற்கு நாலு வருஷம் முன்பு ‘எலந்தப் பயம்’ என்று தெருவையே அதிரவைத்த அதே ஈஸ்வரி. அவரைக் கூப்பிட்டுத் தாலாட்டுகிற தூரத்தில் நின்று பாடச் சொன்னது குமாரின் துணிச்சல். குரல் ஓரிடத்தில்கூட எழும்பாது. ஸ்பீக்கர் சத்தத்தைக் கூட்டப் போன தபாலதிபரை அன்ரி கையில் தட்டினார். அதே படத்தில் பாலசுப்ரமணியத்துக்கு ‘நா சத்தம் போட்டுத்தான் பாடுவேன்’ என்று நேரெதிர்ப் பாட்டு. அப்புறம் எம்.எஸ்.வி.யைப் பாடவைத்த ‘உனக்கென்ன குறைச்சல்’. அந்த நேரத்தில் எம்.எஸ்.வி. சிகரத்தில் இருக்கிறார். அவர் இன்னொருவர் இசையில் வந்து பாடிவிட்டுப் போகிறார் என்றால் இருவருக்குமே பெருமைதான். அந்தப் பெருமை கடைசியில் குமாருக்கே வினையாகி, பாட்டே அவர் கணக்கிலிருந்து போய்விட்டது.

இங்கேதான் நகைக்கடைக்காரர் தன் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். “இரு கோடுகள் படத்தில் சொன்னதுதான். பக்கத்தில் பெரிய கோடு போட்டால் மற்றது சின்னதாகிவிடும். எம்.எஸ்.வி. பெரிய கோடு.” வீட்டிலேயே யோசித்து வைத்துக்கொண்டு வந்திருக்கிறார், முகத்திலேயே தெரிந்தது. நல்ல வசனம்தான். ஃபோனுக்குள்ளிருந்து அக்கா, “அந்தப் படத்துக்கே மியூசிக் குமார்தானே அண்ணை” என்றாள். நகைக்கடைக்காரர் ஒரு ரோல்ஸை எடுத்துக்கொண்டார்.

‘அரங்கேற்றம்’ (1973) வரைக்கும் பாலச்சந்தரிடம் குமார் இருந்தார். அதற்குப் பிறகு பாலச்சந்தர் படங்களில் பெரும்பாலும் எம்.எஸ்.வி. அது ஏன், எப்படி என்று ஊகிப்பதில் எனக்கு ருசியில்லை. குமாருக்குக் கிடைத்தவை சின்னப் படங்கள். உண்மையைச் சொன்னால் அவற்றில் பல பாட்டுக்கள் சாதாரணம்தான், ரசிகர் என்பதற்காக எல்லாவற்றையும் முத்து என்று சொல்லக்கூடாது. ஆனால் நடுவில் சட்டென்று ஒன்று வரும். ‘ராஜநாகம்’ படத்தில் ‘தேவன் வேதமும் கண்ணன் கீதையும்’. ‘தேன் சிந்துதே வானம்’ (1975) படத்தில் ஜேசுதாஸின் ‘உன்னிடம் மயங்குகிறேன்’. (‘தேன் சிந்துதே வானம்’ என்று தொடங்கும் பாட்டு இந்தப் படத்தில் இல்லை. அது ‘பொன்னுக்குத் தங்க மனசு’, இசை ஜி.கே.வெங்கடேஷ். இதை வைத்து நான் பல பேரிடம் பந்தயம் கட்டி ஐஸ்கிரீம் சாப்பிட்டிருக்கிறேன்.) 1978இல், இளையராஜாவின் ‘அன்னக்கிளி’ வந்து எல்லாமே மாறிப்போன பிறகும், ‘சதுரங்கம்’ படத்தில் ‘மதனோற்சவம்’. பாலசுப்ரமணியமும் வாணி ஜெயராமும். ஓய்ந்துபோன ஆள் போட்ட மெட்டாக அது இல்லை.

அந்த மெட்டையும் இணையத்தில் வேறு யாராரோ பெயரில் போட்டிருக்கிறார்கள். கண்ட இடத்திலெல்லாம் கீழே ‘இசை வி.குமார்’ என்று எழுதிவிட்டு வருவது என் வேலை. மகள் “அப்பா, உங்களுக்கு வேறு வேலை இல்லையா” என்கிறாள். ஓய்வூதியக்காரனுக்கு என்ன வேலை. அக்காவும் அங்கிருந்து இதையே செய்கிறாள் என்பது போன மாதம்தான் தெரிந்தது. இரண்டு இடத்தில் எனக்கு முன்னமே அவள் எழுதியிருந்தாள். கவிஞர் பெயரோடு, ஐந்து நிரலுக்கும் குறையாமல்.

அடுத்த மாதம் வேதா. அன்ரி இப்போதே முகத்தைச் சுளிக்கிறார். மாடர்ன் தியேட்டர்ஸ் படங்களுக்கு இந்தி மெட்டுக்களை எடுத்துப் போட்டவருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஏன் கொடுக்க வேண்டும் என்பது அவர் கேள்வி. தபாலதிபருக்கோ அதனாலேயே வேதா வேண்டும். ‘பார்த்திபன் கனவு’ படத்தின் ‘இதயவானின் உதய நிலவே’யை மட்டும் முதலில் போடுவோம், பிறகு முடிவெடுப்போம் என்று சமாதானம் பேசி வைத்திருக்கிறேன். நகைக்கடைக்காரர் இன்னும் வருகிறேன் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த ஏ.எம்.ராஜா பாட்டின் பழைய இசைத்தட்டு ஒன்று தன்னிடம் இருக்கிறது, கொண்டுவரவா என்று நேற்று இரவு மெசேஜ் போட்டிருக்கிறார். தட்டைப் போட மெஷின்தான் யாரிடமும் இல்லை. வெள்ளவத்தைப் பக்கம் யாரிடமாவது ஓடுகிற நிலையில் இருந்தால் சொல்லுங்கள், ரோல்ஸ் எங்கள் செலவு.