புல்லி இதழை யாரும் பார்ப்பதில்லை

பூவைப் படம் எடுப்பவர்கள் பெரும்பாலும் மேலிருந்துதான் எடுக்கிறார்கள், நிறமெல்லாம் அங்கேதானே இருக்கிறது. அதே பூவைத் திருப்பிப் பாருங்கள். காம்பு முடியும் இடத்தில் பச்சையாக ஒரு சுற்று இருக்கும். அதில் ஒவ்வொன்றும் புல்லி இதழ், எல்லாம் சேர்ந்தது புல்லி வட்டம். "மொட்டைப் பாதுகாக்கிறது" என்று பாடத்தில் ஒரே வரியில் முடித்துவிட்டு நிறமாக இருக்கும் அல்லி இதழுக்குப் போய்விடுவார்கள். அந்த ஒரு வரி போதவே போதாது என்பது என் ஆதங்கம்.

செம்பருத்தி மொட்டு ஒன்றைக் கையில் எடுங்கள். ஐந்து புல்லி இதழ்கள் அடியில் ஒன்றாக ஒட்டியிருக்கும், விரியும் வரை நுனிகள் விளிம்போடு விளிம்பு முட்டி இடைவெளியே இல்லாமல் மூடியிருக்கும். உள்ளே அல்லி இதழ்கள் முறுக்கிச் சுருண்டு கிடக்கும். புல்லிக்கும் வெளியே ஒல்லியான பச்சைக் கீற்றுகள் இன்னொரு சுற்று தெரியும், அது புறப்புல்லி வட்டம். பச்சையாக இருக்கும் புல்லிகள் இலையைப் போலவே ஒளிச்சேர்க்கையும் செய்கின்றன.

சரி, பூ விரிந்தபின்? பிரம்மதண்டில் விரியும்போதே புல்லிகள் உதிர்ந்துவிடும். கத்தரியில் நேர்மாறு. பூ வாடி அல்லி இதழ் விழுந்தாலும் புல்லி நிற்கும், நிற்பதோடு காயோடு சேர்ந்து வளரவும் செய்யும். கத்தரிக்காயின் தலையில் முள்ளும் சொரசொரப்புமாக ஒட்டியிருக்கிற பச்சைத் தொப்பி அதுதான். பல ஊதா ரகங்களில் அதை லேசாகத் தூக்கிப் பார்த்தால் அடியில் தோல் வெளிறியிருக்கும், வெளிச்சம் படாததால் அங்கே ஊதா நிறமே ஏறவில்லை. சொடக்குத் தக்காளி இன்னும் ஒரு படி மேலே போய், புல்லியை ஊதிய பையாக்கிப் பழத்தையே முழுசாக உள்ளே வைத்துக்கொள்கிறது. தேக்கும் அப்படித்தான். வெட்டுக்காயப் பூண்டில் புல்லி மெல்லிய இழைகளாகி, விதையோடு காற்றில் பறக்கிறது.

எனக்கு ரொம்பப் பிடித்தது முசாண்டா. வெள்ளை இலை மாதிரி பெரிதாகத் தெரிவது இலையும் இல்லை, அல்லி இதழும் இல்லை, ஐந்து புல்லிகளில் ஒன்று மட்டும் அப்படி விரிந்திருக்கிறது. பக்கத்தில் மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ குட்டியாக நிற்பதுதான் பூ. தோட்டத்தில் வளர்க்கும் சில இளஞ்சிவப்பு வகைகளில் ஐந்து புல்லிகளுமே பெரிதாகிவிடும். காகிதப்பூவையும் இதோடு சேர்த்துவிடாதீர்கள், அதன் வண்ணத் தாள்கள் பூவடிச் செதில்கள், அதாவது பூவை ஒட்டி வரும் உருமாறிய இலைகள். நடுவில் வெள்ளையாக இருக்கும் சின்னக் குழல்தான் அங்கே புல்லி, தனியாக அல்லி இதழ் என்று ஒன்றும் கிடையாது. செங்காந்தளிலோ புல்லி, அல்லி என்று பிரிக்கவே முடியாமல் ஆறும் ஒரே மாதிரி இருப்பதால் வெறுமனே பூவிதழ் என்கிறோம்.

அப்புறம், செடியின் படத்தைப் போட்டு "இது என்ன செடி?" என்று கேட்பவர்களுக்கு: பூவின் அடிப்பக்கத்தையும் ஒரு படம் எடுத்துப் போடுங்கள். புல்லிகள் ஒட்டியிருக்கின்றனவா, தனித்தனியா, காயிலும் நிற்கின்றனவா என்று பார்த்தாலே பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். துத்தியும் செம்பருத்தியும் ஒரே குடும்பம்தான், ஆனால் துத்திக்குப் புறப்புல்லி வட்டம் கிடையாது, மேலிருந்து எடுத்த படத்தில் அது தெரியவே தெரியாது.