எக்கோ அறிக்கையில் ‘ஈ.எஃப். 60%’ என்று இருந்தால்

இதயத்தை ஒலி அலைகளால் படமெடுத்துப் பார்க்கும் எக்கோ பரிசோதனையின் அறிக்கை கைக்கு வந்ததும் பலருடைய கண் முதலில் போய் நிற்பது ‘எல்.வி.ஈ.எஃப். 60%’ என்ற வரியில்தான். இதயம் அறுபது சதவீதம்தான் வேலை செய்கிறதா என்று கலங்கி, அன்று இரவு முழுவதும் உறங்காதவர்களை என் உறவினர்களிடையே பார்த்திருக்கிறேன். அந்தக் கலக்கத்துக்குத் தேவையே இல்லை.

ஈ.எஃப். எனப்படும் எஜெக்‌ஷன் ஃப்ராக்‌ஷன் பரீட்சை மதிப்பெண் அன்று. இதயத்தின் இடது கீழறை (எல்.வி.) நிரம்பியிருக்கும்போது அதிலுள்ள இரத்தத்தில் எவ்வளவு பங்கு ஒரே துடிப்பில் வெளியேறுகிறது என்பதையே அது சொல்கிறது. அறையில் 120 மில்லி இரத்தம் இருந்து 70 மில்லி வெளியேறினால் ஈ.எஃப். ஏறத்தாழ 58 சதவீதம். மீதி 50 மில்லி உள்ளேயே தங்குவது நலமான இதயத்தின் இயல்பு. சென்ற ஆண்டு 60 இருந்து இப்போது 55 என்று வந்தாலும் உடனே அஞ்ச வேண்டியதில்லை. அளப்பவர் மாறினாலே அந்த அளவு வேறுபாடு வரக்கூடும்.

ஆனால் எண் நன்றாக இருக்கிறது என்பதற்காக அறிக்கையை மடித்து வைத்துவிடவும் கூடாது. நெடுநாள் இரத்த அழுத்தத்தாலோ சர்க்கரை நோயாலோ இதயச் சுவர் தடித்து விறைத்துப் போனவர்களுக்கு, ஈ.எஃப். 50-க்கு மேல் இருக்கும்போதே ஹார்ட் ஃபெயிலியர், அதாவது உடலின் தேவைக்கு ஈடாக இதயத்தால் இயங்க முடியாத நிலை, வருவதுண்டு. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது, மாலையில் கால் வீங்குவது, தலையணையை உயர்த்தி வைத்தால்தான் உறங்க முடிவது ஆகியவற்றை, எண் எதுவாக இருந்தாலும் மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். அதேபோல் ‘ஆர்.டபிள்யூ.எம்.ஏ.’ என்ற எழுத்துகள் இருந்தால், இதயச் சுவரின் ஒரு பகுதி மற்ற பகுதிகளைப் போல அசையவில்லை என்று பொருள். முன்பு அறியாமலே வந்துபோன மாரடைப்பின் தடமாகவும் அது இருக்கலாம். ‘ட்ரிவியல் டி.ஆர்.’ என்பதோ இதய வால்வு ஒன்றில் நலமானவர்களிடமும் காணப்படும் சிறு கசிவு.

ஈ.எஃப். 40-க்குக் கீழே இறங்கியவர்களில் பலருக்கு, மருந்துகளை விடாமல் எடுத்தால் சில மாதங்களில் அது உயர்கிறது. உயர்ந்துவிட்டதே என்று மாத்திரையைத் தாமாகவே நிறுத்துவதுதான் எனக்கு மிகவும் கவலை தருவது. தசை தளர்ந்து விரிந்த இதயம் தேறியவர்களிடம், மருத்துவர்களின் மேற்பார்வையிலேயே படிப்படியாக மருந்தை நிறுத்திப் பார்த்த பிரிட்டன் ஆய்வொன்று 2019-இல் லான்செட் இதழில் வெளிவந்தது. நிறுத்தியவர்களில் 40 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்கு ஆறே மாதத்துக்குள் நோய் திரும்பியிருந்தது.