சுவத்துல எறங்குன ஏலியன்

பாரிஸ் போட்டோ எது கண்ணுல பட்டாலும் இப்பல்லாம் ஈபில் டவரை விட்டுட்டு தெருமுனை சுவத்தைத்தான் ஜூம் பண்ணி பாக்குறேன். தெருப்பேர் போட்ட நீலப் பலகை இருக்கும்ல, அதுக்குப் பக்கத்துல குட்டிக் குட்டி சதுர டைல்ல ஒரு ஏலியன் முழிச்சுக்கிட்டு நிக்கும்!! 1978ல ஜப்பான் டைட்டோ கம்பெனி விட்ட ஸ்பேஸ் இன்வேடர்ஸ் கேம்ல வரிசையா எறங்கி வருமே, அதே பயபுள்ளைங்கதான். இன்வேடர்னே பேர் வச்சுக்கிட்டு மூஞ்சியே காட்டாம ஒரு பிரெஞ்சு ஆர்ட்டிஸ்ட் 90கள்லேருந்து ராத்திரில ஏணி போட்டு ஏறி ஒட்டிக்கிட்டே இருக்காரு, பாரிஸ்ல மட்டும் 1500 தாண்டியாச்சு, நம்ம வாரணாசியையும் விடல, 2015ல ஒண்ணு விண்வெளி நிலையத்துக்கே போயிடுச்சு (பேருக்கு ஏத்த எடம்).

எனக்கு புடிச்சது அந்த சிம்பிள் கணக்குதான். பழைய கேம்ல ஒரு பிக்சல்னா ஒரு சதுரம், இங்க அதுக்கு ஒரு டைல், அவ்ளோதான், பெயிண்ட் மாதிரி வெயில்ல வெளுக்காது. களவாணிப்பய எவனாச்சும் பேத்தெடுக்கப் பாத்தா டைல் ஒடைஞ்சு கையில சில்லுதான் மிஞ்சும். 2014ல ஹாங்காங் அரசாங்கமே சிலதை எடுத்துத் தள்ளுச்சு, சுத்த ரசனை கெட்ட வேலை.

இதுக்குன்னே ஆப் வேற இருக்கு, நேர்ல போய் போட்டோ புடிச்சா 10லேருந்து 100 பாயிண்ட் வரைக்கும் கெடைக்கும். காணாமப்போனதை ரசிகர்களே அதே மாதிரி டைல் வாங்கி மறுபடி ஒட்டிடுறாங்களாம், அதை போட்டோ புடிச்சாலும் பாயிண்ட் உண்டு 😄