ஏ.ஏ. மீட்டிங்குக்கு நான் போய்ச் சேர்ந்த கதை

குடியை விட வேண்டும் என்று முடிவெடுத்த நாளுக்கும் முதல் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் கூடிப் பேசும் அமைப்பு) மீட்டிங்கில் போய் உட்கார்ந்த நாளுக்கும் நடுவில் எனக்கு ஐந்து மாதம் ஓடிவிட்டது. இப்போது குடிக்காமல் மூன்று வருடம். அந்த ஐந்து மாதத்தைத்தான் எழுத நினைக்கிறேன், நிறைய பேர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். தினமும் குடிப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் திடீரென்று நிறுத்தாதீர்கள். நான் நிறுத்தினேன். இரண்டாம் நாள் கைநடுக்கம், வியர்வை. மூன்றாம் நாள் ராத்திரி முழுக்க சுவரில் எறும்பு ஊர்கிறது என்று துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தேனாம், எனக்கு எதுவும் நினைவில்லை, மனைவி சொல்லித்தான் தெரியும். அப்படியே வலிப்பு வந்து உயிர் போனவர்கள் உண்டு என்று டாக்டர் பிற்பாடு சொன்னார். பத்து நாள் ஆஸ்பத்திரி, பி1 வைட்டமின் ஊசி, நடுக்கத்துக்கு மாத்திரை. உடம்பு தேறியது. ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு சாயங்காலம் ஆறு மணி ஆனால் என்ன செய்வது? அதற்கு மாத்திரை இல்லை.

டிஸ்சார்ஜ் ஆகும்போது மீட்டிங் நடக்கும் இடத்தை ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நாற்பது நாள் போகவில்லை. நான் என்ன ரோட்டில் விழுந்தா கிடந்தேன், வேலைக்குப் போய்க்கொண்டுதானே இருந்தேன் என்று ஒரு எண்ணம். அப்புறம் ஒரு வியாழக்கிழமை மனதைத் திடப்படுத்திக்கொண்டு போனால் கேட் பூட்டியிருக்கிறது. அந்த குரூப் வேறு இடத்துக்கு மாறி ஆறு மாதம் ஆகிவிட்டது என்றார் எதிர்க்கடைக்காரர். திரும்பி வருகிற வழியில் டாஸ்மாக் இருந்தது. அன்றைக்குக் குடித்தேன், அதற்கப்புறம் மூன்று மாதம் குடித்தேன். அதனால் சொல்கிறேன், கையில் இருக்கும் முகவரியை மட்டும் நம்பிப் போகாதீர்கள். முதலில் போன் செய்யுங்கள்.

நான் மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண்ணான 14446-க்குப் பேசி (கட்டணம் கிடையாது), அங்கிருந்து ஏ.ஏ. எண்ணைப் பிடித்தேன். எடுத்தவரும் குடித்து மீண்டவர்தான் என்று இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிட்டது. "இன்னிக்குக் குடிச்சீங்களா?" என்றார். "காலையில கொஞ்சம்" என்றேன். "பரவாயில்ல, டாக்டர்கிட்ட போய் மாத்திரையைத் திரும்ப ஆரம்பிச்சுடுங்க. செவ்வாய்க்கிழமை ஏழு மணிக்கு மீட்டிங். நான் கேட் பக்கத்துல நிக்கிறேன், நீலச் சட்டை." மாத்திரையும் ஆரம்பித்தேன், செவ்வாய்க்கிழமையும் போனேன். அவர் நின்றுகொண்டிருந்தார்.

ஒரு சர்ச்சோடு ஒட்டிய பள்ளிக்கூடம். எனக்கு சர்ச் என்றதும் தயக்கம், மதம் மாற்றுவார்களோ என்று. இடம்தான் சர்ச்சுடையது, வாடகைக்கு எடுத்திருந்தார்கள். 'கடவுள்' என்று வருகிற இடத்தில் எல்லாம் 'நாம் புரிந்துகொண்ட வகையில்' என்றுதான் சொன்னார்கள், கடவுள் நம்பிக்கையே இல்லாத ஒருவர் எனக்குப் பக்கத்தில் பதினோரு வருடமாக வந்துகொண்டிருந்தார். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்ச், முழங்கால் இடித்தது. ஒரு பெரியவர் டீ கொண்டுவந்தார். மற்ற எல்லோருக்கும் முழு டம்ளர், எனக்கு மட்டும் அரை டம்ளர். ஒரு நொடி சுருக்கென்றது. வாங்கும்போது என் கை ஆடியது, டீ ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. அப்போதுதான் புரிந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் அடுத்தவரிடம் போய்விட்டார், மீதியை அப்புறம் வந்து ஊற்றினார். என் வீட்டில் உட்பட எத்தனையோ பேர் எனக்கு எவ்வளவோ புத்தி சொல்லியிருக்கிறார்கள், என் கையை இப்படிப் பார்த்து வைத்திருந்தவர் யாரும் இல்லை. 1935-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பில் என்கிற பங்குத் தரகரும் பாப் என்கிற டாக்டரும், இரண்டு குடிநோயாளிகள், உட்கார்ந்து பேசியதில்தான் ஏ.ஏ. தொடங்கியது என்று அன்றைக்குச் சொன்னார்கள். எனக்கு அந்த டம்ளரிலேயே அது விளங்கிவிட்டது.

நீங்கள் பேசியே ஆக வேண்டும் என்று இல்லை. நான் மூன்று மீட்டிங் வாயே திறக்கவில்லை. ஒருவர் பேசும்போது யாரும் குறுக்கே பேசுவதில்லை, அறிவுரை சொல்வதில்லை. கட்டணம் கிடையாது, கடைசியில் ஒரு பை சுற்றி வரும், புதிதாக வந்தவர் போட வேண்டாம். முழுப்பெயர் கேட்க மாட்டார்கள். நான்காம் முறை என் பெயரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்றேன். தொண்டை அடைத்தது. எல்லோரும் "வணக்கம்" என்றார்கள், அவ்வளவுதான்.

ஒரு குரூப் ஒத்துவரவில்லை என்றால் வேறு குரூப் பாருங்கள். நடுவில் வீட்டுக்குப் பக்கம் என்று ஒரு ஆங்கில குரூப்புக்குப் போய்ப் பார்த்தேன், என் மனதில் இருப்பதை அந்த மொழியில் என்னால் சொல்ல முடியவில்லை, தமிழ் குரூப்புக்கே திரும்பிவிட்டேன். வேலை நேரம் ஒத்துவராதவர்களுக்கு ஆன்லைன் மீட்டிங்குகள் இருக்கின்றன, ஆனால் முதல் சில வாரமாவது நேரில் போவது நல்லது என்பது என் எண்ணம். குடும்பத்தாருக்கு அல்-அனான் என்று தனியாக உண்டு. என் மனைவி அங்கே போக ஆரம்பித்த பிறகுதான் என் சட்டைப்பையை மோந்து பார்ப்பதை நிறுத்தினாள், அவளுக்கும் தூக்கம் வந்தது.

தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் ஓபன் மீட்டிங் எந்த நாள் என்று போனில் கேளுங்கள், அதற்கு அண்ணன் தம்பி, மனைவி, யாரையும் கூட்டிப் போகலாம். குளோஸ்ட் மீட்டிங் குடியை விட நினைப்பவர்களுக்கு மட்டும். எங்கள் குரூப்பில் ஏழு மணிக்குத் தொடங்குவோம், ஆறே முக்காலுக்கு வந்தால் டீ சூடாக இருக்கும்.