சனி ஞாயிறை விற்று வாங்கிய எம்.எஸ்சி

வெள்ளவத்தையில் இணைந்த கணித டியூஷன் கொடுப்பவருக்குச் சனி, ஞாயிறில்தான் வருமானம். எம்.எஸ்சி வகுப்புகளும் அதே சனி, ஞாயிறில்தான். படிவத்தை நிரப்பும்போது இது மண்டையில் ஏறவில்லை. முதல் பருவத்திலேயே மூன்று குரூப்பில் இரண்டை விட்டேன். "உழைக்கிற வயசில இன்னும் படிப்போ, பிள்ளை?" என்று வவுனியாவிலிருந்து அப்பா கேட்டார்.

எடுத்தது நிதிக் கணிதம். கொழும்பு, மொறட்டுவை இரண்டு பல்கலைக்கழகங்களிலும் அது இருக்கிறது. நான் எங்கே படித்தேன் என்று சொல்லப் போவதில்லை, கொஞ்சம் குறை சொல்ல இருக்கிறது. விண்ணப்பிக்க முதல், படிப்பு எந்த மட்டம் என்று பாருங்கள். இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் பாடங்கள் மட்டும் படிக்கிற முதுமாணி 9ஆம் மட்டம், 30 கிரெடிட். ஆய்வும் சேர்ந்தால் 10ஆம் மட்டம், 60 கிரெடிட். பாடங்களில் ஒரு கிரெடிட்டுக்கு 50 மணித்தியாலம் என்பது கணக்கு. சின்னதே 1500 மணித்தியாலம். பிறகு பிஎச்.டி யோசனை இருந்தால் ஆய்வு உள்ளதைப் பாருங்கள்.

என்னை விழுத்தியது மெஷர் தியரி, அதாவது எண் தொகுதிகளின் 'நீளத்தை' அளக்கும் கணிதம். உயர்தரத்துக்கு ஐந்து வருஷம் தொகையிடல் படிப்பித்தவள் நான். 0க்கும் 1க்கும் இடையில் விகிதமுறு எண்கள் (பின்னங்கள்) முடிவில்லாமல் கிடக்க, அவற்றின் மொத்த நீளம் பூச்சியம் என்று போர்டில் எழுதினதும் கை நின்றுவிட்டது. மூன்று கிழமை நிறுவலைப் பாடமாக்கினேனே தவிர விளங்கவில்லை. கூடப் படித்த ஒரு அக்கா, பம்பலப்பிட்டியில் தேத்தண்ணிக் கடையொன்றில் பில்லின் பின்பக்கத்தில் கோடு கீறிக் காட்டினா. எண்களை ஒவ்வொன்றாக வரிசைப்படுத்தி, முதல் எண்ணை ஒரு சின்னத் துண்டால் மூடு, அடுத்ததை அதில் பாதியால், அதற்கடுத்ததை அதிலும் பாதியால். எல்லாத் துண்டையும் கூட்டினாலும் முதல் துண்டின் இரண்டு மடங்கைத் தாண்டாது. அந்த முதல் துண்டை எவ்வளவு சின்னதாகவும் எடுக்கலாம். "எண்ணிக்கை வேற, நீளம் வேற, விளங்குதோ?" விளங்கியது. அந்தப் பில் இப்பவும் என்னிடம் இருக்கிறது.

2022 மார்ச் கடைசியில் ஒருநாள் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. வகுப்போ ஒன்லைனில். போன் சார்ஜ் தீர, விரிவுரையும் பாதியில் போனது. அதைக்கூட மன்னிக்கலாம். ஆய்வு மேற்பார்வையாளர் இரண்டு தரம் மாறியதும், முடிவு வர எட்டு மாதம் எடுத்ததும்தான் இன்னும் எரிச்சல். வேலைக்குப் போட்ட இடங்களில் "முடிவு வரும்" என்று எத்தனை தரம் சொல்வது?

காப்புறுதிக் கம்பனிகளில் ஆபத்தைக் கணக்கிடும் அக்சூவரி வேலைக்கு எம்.எஸ்சி மட்டும் காணாது. பிரித்தானிய அக்சூவரிகள் நிறுவனத்தின் பரீட்சைகளில் எத்தனை பாஸ் என்றுதான் கேட்டார்கள். என்னிடம் ஒன்றுகூட இல்லை. மென்பொருள் கம்பனியொன்றில் கேட்டது எஸ்.கியூ.எல், தரவுத்தளத்திலிருந்து தரவு எடுக்கும் மொழி. அதை யூடியூபில்தான் படித்தேன்.

கதவு திறந்தது ஒரு வங்கியின் ரிஸ்க் பிரிவில். 2018 ஜனவரி முதல் எஸ்.எல்.எஃப்.ஆர்.எஸ் 9 என்ற இலங்கைக் கணக்கீட்டு நியமத்தின்படி, கடன் கெடும் வரை காத்திராமல், வரக்கூடிய நட்டத்தை முதலே கணித்து ஒதுக்கவேண்டும். கடன் தவறும் நிகழ்தகவு, தவறினால் இழக்கும் பங்கு, அப்போது நிலுவையில் நிற்கும் தொகை மூன்றையும் பெருக்குவது அடிப்படை. நேர்முகத்தில் ஒரு தாளை நீட்டி, ஒழுங்காகக் கட்டுபவர் அடுத்த மாதம் பிந்தும் நிகழ்தகவு இவ்வளவு, பிந்தியவர் மீளும் நிகழ்தகவு இவ்வளவு, மூன்று மாதத்தில் என்ன ஆகும் என்றார்கள். மார்க்கோவ் சங்கிலி! அடுத்த நிலை இப்போதைய நிலையை மட்டும் பொறுத்தது என்கிற கணக்கு. அந்த நிகழ்தகவுகளின் தாயத்தை (மேட்ரிக்ஸ்) மூன்றாம் அடுக்குக்கு உயர்த்திக் கொடுத்தேன். அந்தப் பாடத்தில் எனக்கு பி மைனஸ். ஏ எடுத்த பிளாக்–ஷோல்ஸ் (பங்கு ஒப்ஷன்களுக்கு விலை கணிக்கும் சூத்திரம்) இதுவரை என் மேசைக்கு வரவில்லை.

தொடக்கச் சம்பளம் மூன்று குரூப் வருமானத்தைவிடக் குறைவு. அப்பாவுக்கு அதைச் சொல்லவில்லை. ஞாயிறு காலை குரூப் மட்டும் இன்னும் நடக்கிறது.