4 சில்லா, 25 சில்லா

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த் பகுதிக்குக் குடிவந்த நாளிலிருந்து சனிக்கிழமை ராத்திரி பக்கத்து வீட்டு அங்கிள் வீட்டில்தான் சீட்டு. முதலில் இங்கே எல்லாரும் ஆடும் துனி. அதில் ஜாக்கிதான் பெரிய சீட்டு: 30 புள்ளி. அடுத்து ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு வெறும் 11. ஆறு மாதமாக லிமிட் ஹோல்டம் ஆடுகிறோம்: பந்தய அளவு முன்பே முடிவான போக்கர், ஆளுக்கு இரண்டு சீட்டு கையில், எல்லாருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு நடுவில். கையில் ஜாக்கி வந்தால் அங்கிள் முகம் இன்னமும் மலர்ந்துவிடும். அதைப் பார்த்தே சில தடவை தப்பித்திருக்கிறேன்.

காசு கிடையாது, சில்லுதான். கடைசியில் யாரிடம் சில்லு குறைவோ அவர் அடுத்த வாரம் எல்லாருக்கும் மட்டன் பன்னி சௌ (குடைந்த ரொட்டிக்குள் கறிக்குழம்பு) வாங்க வேண்டும். ஆறு பேருக்கு என்றால் சும்மா இல்லை.

நான் ரம்மியில் வளர்ந்தவன். முதலிலேயே டிராப் ஆனால் 20, நடுவில் ஆனால் 40, மாட்டினால் 80. கை சரியில்லையா, சீக்கிரம் கழன்றுகொள் என்பது ரத்தத்தில் ஊறிய பாடம். லிமிட்டில் அந்தப் புத்திதான் என்னைக் கெடுத்தது.

எங்கள் கணக்கில் முதல் இரண்டு சுற்றுக்குப் பந்தயம் 2, டர்னிலும் (நாலாவது பொதுச் சீட்டு) ரிவரிலும் (ஐந்தாவது, கடைசி) 4. ஒரு நாள் நான் பெரிய பிளைண்டில் (சீட்டு பார்க்குமுன் கட்டாயமாக வைப்பது) 2 வைத்திருக்கிறேன், கையில் கிளாவர் ராணியும் ஒன்பதும். டீலர் இடத்தில் இருந்த தம்பி 4 ஆக ஏற்றினான். சின்ன பிளைண்ட் 1 வைத்துவிட்டு விலகியது, நான் கால், அதாவது அவனுக்குச் சமமாகப் போட்டேன். நடுவில் 9 சில்லு. பிளாப்பில் (முதல் மூன்று பொதுச் சீட்டு) ஹார்ட்டின் ராஜா, ஸ்பேட் ஒன்பது, ஹார்ட்டின் நாலு. அவன் 2 போட, நானும் 2. டர்னில் டைமண்ட் ஆறு, ஆளுக்கு 4. ரிவரில் கிளாவர் இரண்டு. அவன் மறுபடி 4 போட்டான். எனக்கு ஒன்பதுதான் ஜோடி, அவன் ராஜா வைத்திருப்பான் என்று சீட்டை மடக்கி ஃபோல்டு செய்தேன். அவன் சிரித்துக்கொண்டே திருப்பிக் காட்டினான்: ஐந்து ஹார்ட்டின் சேரும் என்று காத்திருந்து சேராமல் போன இரண்டு சீட்டு.

வீட்டுக்கு வந்து எழுதிப் பார்த்தேன். நடுவில் 25 கிடந்தது, நான் போட வேண்டியது 4. ஆறு தடவை தோற்றால் போவது 24, ஏழாவது தடவை ஜெயித்தால் வருவது 25. ஏழில் ஒரு தடவையாவது அவன் ஏமாற்றுகிறான் என்றால் கால்தான் சரி. தப்பாக கால் செய்தால் 4 நஷ்டம், தப்பாக ஃபோல்டு செய்தால் 25.

சரி என்று அடுத்த ஒரு மாதம் எல்லாவற்றையும் ரிவர் வரை இழுத்தேன். இரண்டு முறை பன்னி சௌ என் செலவு.

கோளாறு எங்கே என்று பிடிபட நாளானது. ரிவருக்கு வந்த பிறகு 4 மலிவாகத்தான் தெரியும். முடிவெடுக்க வேண்டிய இடம் டர்ன். அங்கே 4 போட்டால் ரிவரிலும் 4 போடத்தான் போகிறேன். அப்படியென்றால் அது 8 போட்டு 21 எடுக்கப் பார்க்கும் ஆட்டம், நாலில் ஒன்றுக்கும் சற்று மேலே ஜெயித்தாக வேண்டும். என் கை தேற, பார்க்காத 46 சீட்டில் மூன்று ராணி, இரண்டு ஒன்பது, ஆக 5தான் உதவும். மிச்சத்துக்கு எதிராளியின் பொய்யை நம்ப வேண்டும்.

அந்தத் தம்பி எதை வைத்தும் கடைசிவரை அடிப்பவன், அவனிடம் இழுக்கலாம். எதிர்வீட்டு அக்கா டர்னில் பந்தயம் வைத்தால் என் ஒன்பது மாதிரி நடு ஜோடியை யோசிக்காமல் மடக்கிவிடுகிறேன். அவர் ரிவரில் ரெய்ஸ் செய்து நான் ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை.

அங்கிள்தான் இன்னும் பிடிபடவில்லை. போன வாரம் அவருக்கு எதிராக ஒரு நடு ஜோடியை டர்னிலேயே மடக்கினேன். இந்த முறை முகத்தில் ஜாக்கி தெரியவில்லை.

“என்ன வைத்திருந்தீர்கள் அங்கிள்?”

“பார்க்கணும்னா நாலு போடணும்” என்று சீட்டைக் கட்டுக்குள் சொருகிவிட்டார்.