அக்காவுக்குச் சொல் தெரியும்: நாட்குறிப்பு

மார்ச் 3

பக்கவாதம் வந்த பிறகு அக்காவுக்கு ஏற்பட்டிருப்பது பேச்சு அப்ராக்சியா என்று பேச்சுப் பயிற்சியாளர் இன்று உறுதியாகச் சொன்னார். தசைகள் வலுவிழந்து பேச்சு குழறுவது டிஸார்த்ரியா, அது வேறு. சொல்லே அகப்படாமலோ பிறர் பேச்சு விளங்காமலோ போவது அஃபேசியா, அதுவும் வேறு. பலருக்கு இவை சேர்ந்தே வரும் என்றாலும், அக்காவுக்கு அஃபேசியா லேசாகத்தான் இருக்கிறதாம். சொல்ல வேண்டிய சொல் அவளிடம் இருக்கிறது. அதை ஒலிக்க நாக்கும் உதடும் எந்த வரிசையில், எந்தக் கணத்தில் அசைய வேண்டும் என்று மூளை வகுக்கும் திட்டம்தான் சிதைந்திருக்கிறது. அதுதான் அப்ராக்சியா.

மார்ச் 6

‘கதவு’ என்று சொல்ல அக்கா பட்ட பாட்டை அருகில் உட்கார்ந்து பார்த்தேன். அடிநாக்கு மேலெழுந்து ‘க’ பிறக்க வேண்டும், உடனே நுனிநாக்கு மேற்பல்லைத் தொட வேண்டும், அதற்குள் கீழுதடு ‘வு’வுக்குத் தயாராக வேண்டும். அவளுடைய உதடுகள் குவிந்தன, விரிந்தன, மறுபடியும் குவிந்தன. ‘தகவு’ என்றாள், தவறென்று தலையசைத்தாள், அடுத்த முறை ‘பதவு’ என்றாள். பிறகு இடது கையால் தாளை இழுத்துக் கோணலான எழுத்தில் ‘கதவு’ என்று பிழையின்றி எழுதிக் காட்டினாள். சற்று நேரத்தில் எரிச்சலோடு “போதும்” என்றாள், அவ்வளவு தெளிவாக! தானாக வாயில் வரும் சொற்களும், ஒன்று இரண்டு என வரிசையாக எண்ணுவதும் இந்தக் குறைபாட்டில் பெரும்பாலும் தப்பிப் பிழைக்கும் என்று பயிற்சியாளர் விளக்கினார்.

மார்ச் 11

பார்க்க வந்த அத்தை, அக்காவின் எதிரிலேயே என்னிடம், “இவளுக்கு நாம பேசறது புரியுதா?” என்று கேட்டார். அன்போடு கேட்டதுதான், ஆனால் அக்காவின் முகம் சுருங்கியதைப் பார்த்தபோது, பேச்சு போனதைவிட இதுதான் அவளை அதிகம் வதைக்கிறது என்று தோன்றியது. “அவகிட்டயே கேளுங்க அத்தை” என்றேன்.

மார்ச் 15

1861-இல் பாரிஸ் அருகே பிசெத்ர் மருத்துவமனையில் மருத்துவர் பால் புரோகா பரிசோதித்த லெபோர்ன் என்ற நோயாளியைப் பற்றி இன்று படித்தேன். எதைக் கேட்டாலும் பெரும்பாலும் ‘டான் டான்’ என்று மட்டுமே சொல்லக்கூடிய அந்த மனிதர், அங்கே எத்தனை ஆண்டுகளாக இருக்கிறார் என்று கேட்டதற்கு, ஐந்து விரல்களையும் நான்கு முறை விரித்துக் காட்டி, கடைசியில் ஒரு விரலை நீட்டினாராம். இருபத்தொன்று! அவர் இறந்த பின் மூளையின் இடது முன்பகுதியில் கண்ட சேதத்தை வைத்துத்தான், பேச்சின் இருப்பிடத்தைப் புரோகா சுட்டினார். அதே மூளையை ஸ்கேன் செய்து 2007-இல் வெளியிட்ட ஆய்வு, சேதம் அவர் கண்டதைவிட ஆழமாகப் பரவியிருந்ததைக் காட்டியது. என் மனத்தில் நிற்பதோ அந்த விரல்கள்தான்.

மார்ச் 22

பயிற்சி என்பது ஒரே சில சொற்களைத் திரும்பத் திரும்பச் சொல்வதுதான். பயிற்சியாளர் தம் வாயைக் கவனிக்கச் சொல்லி மெதுவாக உச்சரிக்கிறார். அக்கா அவரோடு சேர்ந்து சொல்கிறாள், பிறகு தனியாகச் சொல்கிறாள். மேசையில் விரலால் தாளம் தட்டினால் அசைகள் இன்னும் ஒழுங்காக விழுகின்றன. எழுத்துப் பலகை கொடுத்தால் பேச முயல மாட்டாளோ என்று வீட்டில் பயந்தோம். அது பேச்சைத் தடுக்காது என்று அவர் தெளிவுபடுத்தியதும் வாங்கிவிட்டோம். அவள் தடுமாறும்போது சொல்லை நாங்களே முடித்துக் கொடுப்பதையும் நிறுத்தியிருக்கிறோம். அவளாகக் கேட்டால் மட்டும் முதல் ஒலியை எடுத்துக் கொடுக்கிறோம்.